பல் வெட்டாத சுவர்

மார்ச் 2

தம்பிக்கு,

அன்றைக்குப் பின்னறையில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நீ, நான், என் இடுப்பில் மூத்தவன், நிலைப்படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என் வீட்டுக்காரர். வேறு ஒரு ஈ காக்கா இல்லை. நம் இரண்டு பேருக்கும் நடுவுள்ளவள் முந்தின வாரமே வீட்டை விட்டுப் போயாயிற்று. அப்பா சாந்து பூசுகிற கரண்டியைக் கையில் எடுத்தார், பிறகு உன்னிடம் நீட்டினார். உனக்கு மீசைகூட சரியாக முளைக்கவில்லை. அம்மா யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்து மணல் சலித்தாள். என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, "வேணாம் மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக அவரை நான் மன்னித்தது அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான். நீ மறந்திருப்பாய். எனக்கு மறக்கிற வியாதி கிடையாது.

எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், அன்றைக்கு நீ செங்கல் வைத்து அடைத்த பின்கதவு திரும்பி வந்திருக்கிறது.

போன மாதம் முதல் வாரம் பின்னறையைக் கூட்டப் போனேன். சுவரில் ஒரு கோடு. தலைமயிர் மாதிரி. தரையிலிருந்து நேராக மேலே ஏறி, என் தலைக்கு ஒரு முழம் மேலே திரும்பி, குறுக்கே போய், மறுபடி நேராகக் கீழே இறங்குகிறது. கிட்டே நின்றால் கோடு. எட்டி நின்றால் கதவு. இத்தனை வருஷம் இல்லாத கோடு. ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. இப்போது அதில் என் நகம் நுழைகிறது.

பேத்தி கைக்குழந்தையோடு வருகிறாள். இருக்கிறது அந்த ஓர் அறைதான், கட்டில் போட இடம் இருப்பதும் அந்தச் சுவரோரம்தான். பச்சைப் பிள்ளை மேல் சுவர் விழுந்தால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? நம் அப்பா கட்டிய கிடங்குச் சுவர் விழுந்து ஒருவன் செத்ததையும், விசாரிக்க வந்தவர்களிடம் நடுவுள்ளவள் "கலவை போட்டது நான்தான், அப்பா சொன்னபடி பாதி சிமெண்டைக் குறைச்சு மணலைக் கூட்டி" என்று சொன்னதையும், அப்பா வீட்டுக்கு வந்து "இனிமே அவளுக்கு இந்த வீட்ல வாசல் கிடையாது" என்றதையும் நான் பார்த்தவள். சுவர் என்றால் எனக்குப் பயம்.

இங்கே ஒரு கொத்தனார் இருக்கிறார். ஆள் ஒல்லியாக நெட்டையாக இருப்பதால் மட்டக்கோல் என்று பேர். "பூசி விட்டுடலாம் பாட்டி, கண்ணுக்கே தெரியாது" என்கிறார். கண்ணுக்குத் தெரியாததுதானே கவலை.

நீ பழைய கட்டிடங்களைத் தூக்கி நிறுத்துவதில் பேர் வாங்கியவன் என்று சொல்கிறார்கள். அதனால் கேட்கிறேன். வேறு எதற்கும் இல்லை. அம்மா செத்த அன்று அவ்வளவு தூரத்திலிருந்து வந்துவிட்டு, வெளிக்கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனவன் நீ. அதை நான் மன்னிக்கவில்லை. சுவரைப் பற்றி மட்டும் பதில் எழுது.

அக்கா

•

மார்ச் 9

அக்காவுக்கு,

சுவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மட்டக்கோலைப் பூச விடாதே. வெடிப்பின் மேல் பூசுவது காய்ச்சல்காரனுக்குப் பவுடர் போடுவது மாதிரி. முதலில் சுவர் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரிய வேண்டும். உடைந்த படச்சட்டம் ஏதாவது இருந்தால் அந்தக் கண்ணாடியில் விரல் அகலத்துக்குத் துண்டுகள் வெட்டச் சொல். வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் வெள்ளை சிமெண்ட் வைத்து ஒட்டச் சொல். ஒன்று மேலே, ஒன்று நடுவில், ஒன்று கீழே. பக்கத்தில் பென்சிலால் தேதி எழுது. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால் சும்மா இருக்கும்.

அப்பா இதைச் 'சாட்சி வைக்கிறது' என்பார், ஞாபகம் இருக்கிறதா? சின்னக்கா சாட்சி சொன்ன பிறகு அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்கவில்லை. "கண்ணாடி வைடா" என்றுதான் சொல்வார்.

இன்னொன்று பார். வெடிப்பு செங்கல் இடுக்கு வழியாகப் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கினால் அடிமண் இளகுகிறது என்று அர்த்தம். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தால் வேறு காரணம். எது என்று எழுது.

நெருக்கமாக இருந்தாலும் கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்று. அது ஜன்னல் பக்கம், வெளிச்சம் விழும் என்று பேத்தி முனகினால் முனகட்டும்.

அறையில் ஏதாவது சத்தம் கேட்கிறதா?

தம்பி

•

மார்ச் 23

தம்பிக்கு,

நேராக இருக்கிறது. நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார் மட்டக்கோல். "பாட்டி, இந்த வெடிப்பு என்னைவிட நேரா நிக்குது" என்றார்.

மூன்று சாட்சியும் வைத்தோம். மேலே உள்ளதும் நடுவில் உள்ளதும் அப்படியே இருக்கின்றன. கீழே வைத்தது, தரையிலிருந்து என் முழங்கால் உயரத்தில் இருந்தது, ஒரு வாரத்தில் உடைந்தது. விரிந்து உடைந்தால் துண்டுகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் இடைவெளி தெரியும் என்றார் மட்டக்கோல். இது அப்படி இல்லை. துண்டுகள் தெறித்து அறைக்குள் விழுந்து கிடந்தன. கட்டில் கால் வரைக்கும். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கட்டைவிரலால் தள்ளின மாதிரி. வேறு கண்ணாடி வைத்தார். அதுவும் அப்படியே.

தரையில் சுவரோரம் மண் உதிர்கிறது. கூட்டுகிறேன். வெயில் உச்சிக்கு ஏறும் நேரம் போய்ப் பார்த்தால் திரும்பவும் ஒரு மண் கோடு.

சத்தம் கேட்கிறதா என்று கேட்டாய். அதை ஏன் கேட்டாய்? கேட்கிறது. உச்சி வெயிலில், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில். பாத்திரம் தேய்க்க வருகிறவள், "பாட்டிம்மா, பின்னாடி யாரோ தட்டுறாங்க" என்று ஈரக்கையோடு ஓடி வந்தாள். "எலிடி, போய் வேலையப் பாரு" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது அம்மா சொல்கிற பதில். நீ வீட்டை விட்டுப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அப்பா போனதும் அம்மா தன் கட்டிலை அந்தச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டாள். வேறு யாரையும் அந்த அறையில் படுக்க விடமாட்டாள். எப்போதாவது சத்தம் கேட்டு "என்னம்மா அது?" என்றால், இருமிக்கொண்டே "எலி" என்பாள். நானும் எலி மருந்து வைத்தேன். ஓர் எலி செத்ததில்லை. ஆனால் பொல்லாத எலி, அவளுடைய கோடு போட்ட போர்வையைத் தின்றது. வருஷத்துக்கு வருஷம் போர்வை குட்டையாகிக்கொண்டே வந்தது. சாகும்போது அது அவள் முழங்காலைக்கூட மூடவில்லை. அந்தச் சுவருக்கு மட்டும் அவளே வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பாள், மூச்சு இரைத்தாலும் வேறு யாரையும் தொட விடாமல்.

பேத்தி வருகிற தேதி நெருங்குகிறது. இரும்புக் கம்பி வைத்து வெடிப்பைத் தைக்கலாம் என்கிறார் மட்டக்கோல். தைக்கட்டுமா?

அக்கா

•

ஏப்ரல் 1

அக்காவுக்கு,

அவசரப்பட்டுத் தைக்காதே. காரணம் தெரியாமல் தைத்தால் சுவர் பக்கத்தில் வேறு இடத்தில் பிளக்கும்.

சத்தத்துக்குக் காரணம் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நம் விறகுக் கொட்டகை. கூரை விழுந்திருந்தால் வெயில் நேரே சுவரில் அடிக்கும், உச்சி நேரத்தில் செங்கல் சூடேறி விரியும், டொக்கென்று சத்தம் வரும். இல்லாவிட்டால் மரம் முளைத்திருக்கும். வேர் கீழேதான் தள்ளும். மட்டக்கோலைப் பின்சந்து வழியாகச் சுற்றிப் போய்ப் பார்க்கச் சொல்.

பிறகு உள்பக்கம் கோட்டின் ஓரமாக ஒரு கையகலம் பூச்சை உரிக்கச் சொல். அடைப்பில் உள்ள செங்கல் பழைய சுவருக்குள் நுழைந்து நிற்கிறதா என்று பார்க்கட்டும்.

சுத்தியல் பிடியால் தட்டிப் பார்ப்பார். தட்டட்டும். நீ தட்டாதே. தட்டினாலும் இரண்டு தட்டி, நிறுத்தி, ஒன்று தட்டாதே.

தம்பி

•

ஏப்ரல் 8

தம்பிக்கு,

இரண்டு, நிறுத்தி, ஒன்று. எனக்கா தெரியாது? கலவை வேலை முடிந்து நேரம் கழித்து வந்தால் நடுவுள்ளவள் பின்கதவை அப்படித்தான் தட்டுவாள். அப்பாவுக்குக் கேட்காமல் போய்த் திறந்துவிடுவது நீ. சில நாள் நான்.

மட்டக்கோல் சுற்றிப் போய்ப் பார்த்தார். மரம் இல்லை, செடி இல்லை. கொட்டகைக் கூரை அப்படியே இருக்கிறதாம். "வெயில் ஒரு பொட்டுகூட உள்ள விழல பாட்டி, குளுகுளுன்னு இருக்கு. இன்னொன்னு சொல்றேன், பயப்படாதீங்க. அத்தனை வருஷத் தூசி கணுக்கால் அளவு கிடக்கு. சுவரோரம் மட்டும் ஒருத்தர் உக்கார்ற அளவுக்குத் தரை சுத்தமா இருக்கு" என்றார். நாய் படுத்திருக்கும் என்றேன். "நாய் தடம் இல்லையே" என்றார். அந்த மனிதருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

பிறகு பூச்சை உரித்தார். சட்டைப்பையிலிருந்து அங்குல இரும்பு ஸ்கேலை எடுத்து இடுக்கில் விட்டார். பாதி ஸ்கேல் உள்ளே போயிற்று.

"யாரு பாட்டி இதைக் கட்டினது? பழைய சுவர்ல ஒரு பல்லுகூட வெட்டலையே. வாசலை அடைக்கணும்னா ரெண்டு பக்கமும் ஒரு வரி விட்டு ஒரு வரி பழைய செங்கல்ல குழி வெட்டி, புதுச் செங்கல்ல பாதிய உள்ள சொருகுவோம். பல்லோட பல்லு கடிச்ச மாதிரி இருக்கும். இது சும்மா உள்ள அடுக்கி வெச்சிருக்கு. இது சுவர் இல்ல பாட்டி. சாத்தின கதவு."

நான் கொத்தனார் மகள். பல் வெட்டாமல் அடைப்பது சின்னப் பையன்கூடச் செய்யாத தப்பு என்று எனக்குத் தெரியும். அப்பா உனக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதானே? குளியலறை வாசலை அடைத்தபோது பல் சரியில்லை என்று உன் மண்டையில் குட்டினாரே. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அப்படியானால் அன்றைக்கு ஏன் செய்யவில்லை? அப்பா கட்டிய சுவர் விழுந்து ஆள் செத்த பிறகும், விழப்போகிற சுவரையே கட்டி வைத்தாயா? பல வருஷம் அதன் ஓரத்தில் அம்மா படுத்திருந்தாள். இப்போது பச்சைப் பிள்ளை வரப்போகிறது. சொல்.

நீ தட்டாதே என்றதால்தான் தட்டினேன். நேற்று உச்சி வெயிலில். இரண்டு, நிறுத்தி, ஒன்று. என்ன கேட்டது என்று நான் எழுதப் போவதில்லை. தைக்கவா, இடிக்கவா, அதை மட்டும் சொல்.

அக்கா

•

ஏப்ரல் 14

அக்காவுக்கு,

அது தப்பு இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

போவதற்கு முன்னால் சின்னக்கா கொட்டகையில் என்னைக் கூப்பிட்டு, "நான் திரும்பி வருவேன்டா. கதவுக்குத் தாழ் போட்டுடாத" என்றாள். நான் சரி என்றேன். அடுத்த வாரம் அப்பா கரண்டியைக் கையில் கொடுக்கிறார். அப்பாவை எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் கிடையாது. சுவர் கட்டச் சொன்னார், கட்டினேன். தாழ் போடச் சொல்லவில்லை, போடவில்லை. பல்தானே சுவருக்குத் தாழ்.

அப்பாவை ஏமாற்றிவிட்டேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷம் சுவர் கட்டிய மனிதர் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறை வாசலுக்குக் குட்டியவர் அன்று குட்டவில்லை. வரிசை வரிசையாகப் பார்த்தார். கடைசியில் "பூசி முடிடா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவருக்குத் தெரியும் அக்கா. நான் அந்த வயதுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி. அவள் இங்கே என் ஊருக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். பிப்ரவரி முதல் வாரம் போய்விட்டாள். நான் கூட இருந்தேன். நீ கோட்டைப் பார்த்த வாரம்தான். கடைசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "தாழ் போட்டிருக்கா?" இல்லை என்றேன்.

அவள் சொன்னபடியே, உயிரோடு இருந்தபோதே திரும்பி வந்திருக்கிறாள். அப்பா செத்த பிறகு. ஒரு தடவை அல்ல. முன்வாசலுக்கு வர அவளுக்குக் கூச்சம், உன் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று. பின்சந்து வழியாகக் கொட்டகைக்கு வந்து, கீழே உட்கார்ந்து, நம் தட்டலைத் தட்டியிருக்கிறாள். கேட்டால் யாராவது சுற்றி வந்து கூப்பிடுவார்கள் என்று. யாரும் வரவில்லை. உள்ளே ஆள் இருமுவது மட்டும் கேட்டதாம். இதை அவள் என்னிடம் சொன்னது அம்மா சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால். அந்த அறையில் யார் படுத்திருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் அம்மா செத்த அன்று வெளிக்கேட் வரைக்கும் மட்டும் என் கால் வந்தது.

இப்போது வேலையைச் சொல்கிறேன். பழைய கதவுக்கு மேல் உள்ள கல் உத்திரம் அங்கேயே இருக்கிறது. சுவர்ப்பாரம் முழுவதும் அதன் மேல்தான். அடைப்பு எதையும் தாங்கவில்லை. மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. எடுத்த பிறகு ஓரத்துப் பழைய செங்கல்லை நல்ல கலவையில் இறுக்கி, நிலை வைத்துக் கதவு போடலாம். தைக்க வேண்டுமென்றால் நான்கு வரிக்கு ஒரு கம்பி, இரண்டு பக்கமும் ஒரு முழம் உள்ளே போக வேண்டும். தைத்துவிட்டால் பிறகு யாராலும் திறக்க முடியாது.

இரண்டும் பத்திரம்தான். எது என்று நீ சொல்.

தம்பி

•

மே 6

தம்பிக்கு,

உன் கடிதத்தை மட்டக்கோலிடம் கொடுக்கவில்லை. கடைசிப் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டி, "எடுங்க" என்றேன்.

மேலிருந்து எடுத்தார். செங்கல் செங்கல்லாக, பல் ஆடுகிற மாதிரி ஆடி ஆடி வந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. இருப்பார்கள் என்று நான் நினைத்தேனா என்று கேட்காதே. முழங்கால் உயரத்துக்கு இறங்கியதும் மட்டக்கோல் நிறுத்தினார். "பாட்டி, இங்க என்னமோ அடைச்சு வெச்சிருக்கு."

நம் பக்கத்து இடுக்கில், சுண்ணாம்புக்குப் பின்னால், துணி. கத்தி முனையால் குத்திக் குத்தி உள்ளே திணித்த துணி. இழுக்க இழுக்க வந்தது. ஒரு கீற்று, அதன் மேல் சுண்ணாம்பு, அதன் பின்னால் இன்னொரு கீற்று, அதன் மேல் சுண்ணாம்பு. தரையில் வரிசையாக விரித்துப் போட்டேன். கோடு போட்ட துணி. ஒன்றோடொன்று சேர்த்து வைத்தபோது, அம்மாவின் முழங்காலுக்குக் கீழே காணாமல் போன போர்வை முழுசாகக் கிடந்தது. ஓரமெல்லாம் நேராக இருந்தது. எலி கத்தரிக்கோல் வைத்து வெட்டாது.

அந்தப் பக்கத்து இடுக்கில் ஒரு கொண்டை ஊசி இருந்தது. நடுவுள்ளவள் நுழைத்துப் பார்த்திருக்கிறாள், துணியில் முட்டி நின்றிருக்கிறது. அதை எடுத்து என் தலையில் செருகிக்கொண்டேன். இதை எழுதும்போதும் இருக்கிறது.

"எலி"யாம். அம்மா என்னிடமே சொன்னாள். என்னையே மருந்து வாங்க அனுப்பினாள்.

நிலை வைத்தாயிற்று, கதவு போட்டாயிற்று. "தாழ்ப்பாள் எங்க பாட்டி வைக்கணும்?" என்றார் மட்டக்கோல். "தாழ்ப்பாளே வேணாம்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முதல் நாள் உச்சியில் கதவு தானாகத் திறந்தது. காற்று இல்லை. ஒரு முழம் திறந்து, ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு நின்று, பிறகு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அன்றோடு தட்டல் நின்றது, மண் உதிர்வது நின்றது. ஓரத்தில் திரும்ப வைத்த சாட்சிகள் மூன்றும் முழுசாக இருக்கின்றன. பேத்தி வந்துவிட்டாள். பிள்ளை நன்றாகத் தூங்குகிறது. எட்டிப் பார்க்கும்போதெல்லாம் யாரோ இழுத்துப் போர்த்தின மாதிரி துணி கழுத்து வரைக்கும் இருக்கிறது. பேத்தி நான்தான் என்று நினைக்கிறாள். நினைக்கட்டும்.

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். போன வாரம் வேறு ஒன்று ஆரம்பித்திருக்கிறது.

உச்சி வெயிலில், கொட்டகைப் பக்கத்திலிருந்து. நம் தட்டல் இல்லை. அந்தத் தட்டல் தெரியாத கை. ஒன்று தட்டும், ரொம்ப நேரம் சும்மா இருக்கும், திரும்ப ஒன்று. நடுவில் இருமல். குளிரில் இருமுகிற மாதிரி, போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லாத மாதிரி. பேத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "பாட்டி, பின்னாடி யாரோ வயசானவங்க இருமுறாங்க. போய்ப் பாக்கட்டுமா?" என்றாள்.

"எலி" என்றேன்.

மட்டக்கோலைத் தாழ்ப்பாள் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். உள்ளே வரவேண்டியவள் வந்தாயிற்று. நல்ல கனமான இரும்பாக, உள்பக்கம் வைத்து, நான்கு திருகாணியும் இறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரரை எப்போதோ மன்னித்தாயிற்று. அப்பாவை உன் கடிதம் வந்த அன்றைக்கு. கேட்டுக்கு வெளியே நின்ற உன்னை இன்றைக்கு, வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. இடுப்பிலிருந்த என் மூத்தவனுக்கு ஒன்றும் தெரியாது. மீதி இருப்பது யாரும் கேட்காமலே மணல் சலித்த அம்மா மட்டும்தான். தாழ் அவளுக்கு.

அக்கா